அம்மாவை யாரும் எண்ணவில்லை

1997 ஜூன் மாதம். பள்ளிக்கூட விடுமுறை தொடங்க முன்னம் வந்த ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வகுப்புக்குக் கோடை விருந்து. நான் இரண்டாம் வகுப்பு. டென்மார்க்கில் யூலண்ட் பக்கம் ஒரு சின்ன நகரம். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்று ஆசிரியை கடிதம் கொடுத்துவிட்டிருந்தார். அம்மா இரண்டு நாள் நின்று அறுபது கோழி ரோல்ஸ் செய்தார். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும், அதனால் விவரிக்கத் தேவையில்லை: குசினி முழுக்க மா, யன்னல் எல்லாம் புகை, அப்பா "காணும் காணும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். விருந்தில் அறுபதும் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டன. டெனிஷ் அம்மாக்கள் வந்து செய்முறை கேட்டார்கள். அம்மாவுக்கு அவ்வளவு டெனிஷ் வராது. கையால் உருட்டிக் காட்டினார். அம்மா அந்த ஊரில் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஞாயிறு விடிய எனக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம், சத்தி. திங்கள் வகுப்பில் ஏழு பேர் இல்லை. செவ்வாய் பின்னேரம் தொலைபேசி வந்தது. அப்பாதான் எடுத்தார். அந்தப் பக்கம் பேசியவர் ஒரு பிள்ளையின் தாய். அவருடைய மகனை வைத்தியரிடம் கொண்டுபோனார்களாம், மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களாம், சல்மொனெல்லாவாக இருக்கலாம் என்று சொன்னார்களாம். பிறகு அவர் மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் மனைவி அந்தக் கோழியை எவ்வளவு நேரம் வெளியில் வைத்திருந்தார்?

அவ்வளவுதான். யாரும் கத்தவில்லை. யாரும் எங்களைத் திட்டவில்லை. சில நாட்களில் பரிசோதனை முடிவும் வந்தது, சல்மொனெல்லா என்டெரிட்டிடிஸ். அடுத்த வருடம் விருந்துக் கடிதத்தில் "வீட்டில் சமைத்த இறைச்சி உணவுகளைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரி கூடியிருந்தது. எல்லா வீட்டுக்கும் போன கடிதம்தான். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் அந்தப் பள்ளிக்கூடத்தை விடும்வரைக்கும் அம்மா ஒவ்வொரு விருந்துக்கும் வத்தகப்பழம் வெட்டிக் கொண்டுவந்தார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், என் வேலை அப்படி. நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். டெனிஷில் பயோஅனலூட்டிகர் என்று சொல்லுவோம். படிக்கிற காலத்தில் முதல்முதல் எலைசா தட்டு ஒன்றைக் கையில் எடுத்த நாள், அந்த ரோல்ஸ்தான் நினைவுக்கு வந்தது. இந்தத் தட்டு அன்று இருந்திருந்தால், அம்மாவின் மேல் பழி இருக்கிறதா இல்லையா என்று சொல்லியிருக்குமே என்று நினைத்தேன். அந்த நினைப்பு எங்கே சரி, எங்கே பிழை என்று விளங்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

எலைசா தட்டு என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 96 குழிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. 1971இல் ஸ்டொக்ஹோமில் எங்வால், பேர்ல்மன் என்ற இருவர் உருவாக்கிய முறை. குழிகளின் அடியில் சல்மொனெல்லாவின் வெளித்தோலில் இருக்கும் ஒரு பொருளைப் பூசி வைத்திருப்போம். அதன் பெயர் லிப்போபொலிசக்கரைடு. பக்டீரியாவின் மேலே மயிர் மாதிரி நிற்கும் சர்க்கரைச் சங்கிலிகள். நோய் வந்தவரின் உடல் முதலில் அடையாளம் பிடித்து வைப்பதில் இந்த மயிரும் ஒன்று.

பிறகு ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நூற்றுக்கணக்கான மடங்கு ஐதாக்கி ஊற்றுவோம். அந்தச் சீரத்தில் சல்மொனெல்லாவைத் தெரிந்த அன்டிபொடி இருந்தால் அது போய் மயிரில் ஒட்டிக்கொள்ளும். (தமிழ்ப் பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் பிறபொருளெதிரி. அழகான சொல், ஆனால் கொரோனாவுக்குப் பிறகு எங்கள் அம்மம்மாவே அன்டிபொடி என்றுதான் சொல்கிறார்.) ஒட்டாததைக் கழுவிவிட வேண்டும். கழுவு, தட்டைக் கவிழ்த்து அடி, மறுபடி கழுவு. என் தோள் நோவுக்கு இதுதான் காரணம். அடுத்து, மனித அன்டிபொடியைப் பிடிக்கும் இன்னொரு அன்டிபொடி. அதன் வாலில் ஒரு நொதி கட்டப்பட்டிருக்கும். கடைசியாக நிறம் தரும் திரவம். அன்டிபொடி இருந்த குழி நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு அன்டிபொடி. கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை, கருவி ஒளியை ஊடுருவவிட்டு எண்ணாகத் தரும். அளவு தெரிந்த சீரம் ஒன்றையும் ஒவ்வொரு தட்டிலும் சேர்த்து ஓட்டுவோம், இன்றைய எண்ணையும் நேற்றைய எண்ணையும் ஒப்பிட.

அன்டிபொடியில் வகைகள் இருக்கின்றன. சல்மொனெல்லாவுக்கு ஐஜிஎம், ஐஜிஏ, ஐஜிஜி என்று மூன்றையும் தனித்தனியாக அளப்பார்கள். வயிற்றோட்டம் வந்து சில வாரங்களுக்குள் மூன்றும் ஏறிவிடும். பிறகு இறங்கத் தொடங்கும். ஐஜிஎம்மும் ஐஜிஏயும் வேகமாக இறங்கும். ஐஜிஜி ஆறுதலாக இறங்கும், பல மாதங்களுக்கு நிற்கும். இந்த இறக்கத்தின் வடிவம் தெரிந்தால், ஒருவருடைய மூன்று எண்களையும் பார்த்து, ஏறத்தாழ எப்போது அவருக்குத் தொற்று வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

இந்த வேலையில் டென்மார்க் முன்னுக்கு நின்ற நாடு. கோபன்ஹேகனில் இருக்கும் ஸ்டேட்டன்ஸ் சீரம் இன்ஸ்டிடியூட்டில், சல்மொனெல்லா உறுதியான நோயாளிகளிடம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து அந்த இறக்கத்தை வரைந்தார்கள். கொரோனா காலத்தில் டெனிஷ் தொலைக்காட்சியில் அடிக்கடி வந்த கோர மோல்பாக் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆய்வுக் குழுவில் அவரும் இருந்தார். அவர்கள் கண்ட ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும்: ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரியது. ஒரே கிருமி, ஒரே மாதிரி வயிற்றோட்டம், ஆனால் ஒருவருக்கு அளவு மலைபோல ஏறும், இன்னொருவருக்கு ஏறவே ஏறாது. அதனால் தனி ஒருவருக்கு "உனக்கு மார்ச் மாதம் வந்தது" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஊரில் வருடத்துக்கு எத்தனை பேருக்கு வருகிறது என்று சொல்லலாம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கதை அம்மாவிடம் திரும்புகிறது.

1997இல் டென்மார்க்கில் பதிவான சல்மொனெல்லா நோயாளிகள் சுமார் 5000 பேர். இந்த நாட்டில் அது ஒரு உச்சம். பெரும்பாலும் முட்டையால் வந்தது. 1996 கடைசியில் முட்டைக்கென்று தனிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியிருந்தார்கள், பலன் தெரியக் கொஞ்சக் காலம் எடுத்தது. அந்த 5000 என்ற எண்ணுக்குள் ஒருவர் வருவதற்கு என்ன நடக்க வேண்டும் என்று யோசியுங்கள். வருத்தம் வர வேண்டும். அது வைத்தியரிடம் போகிற அளவுக்கு இருக்க வேண்டும். போக மனமும் மொழியும் வேண்டும். வைத்தியர் மலம் கேட்க வேண்டும். ஒரு சின்னப் போத்தலில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூச்சப்படாமல் இருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் கிருமி வளர வேண்டும். இத்தனை படியும் தாண்டியவர்தான் ஒரு எண். எங்கள் வகுப்பிலிருந்து அந்தப் படிகளைத் தாண்டியது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பிள்ளை. நான் தாண்டவில்லை. அம்மா எனக்கு மல்லித் தண்ணியும் உப்புக் கஞ்சியும் தந்து வீட்டிலேயே வைத்திருந்தார்.

ரத்தத்துக்கு இந்தப் படி எதுவும் வேண்டாம். நீ வைத்தியரிடம் போனாயா, என்ன மொழி பேசினாய், வெட்கப்பட்டாயா என்று அது கேட்பதில்லை. வேறு ஆய்வுகளுக்காக எடுத்து உறையவைத்திருந்த ரத்தத்தை எடுத்து, டெனிஷ் ஆய்வாளர்கள் சல்மொனெல்லா அன்டிபொடியை அளந்தபோது, தொற்று வந்தவர்களின் எண்ணிக்கை பதிவேட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு என்று வந்தது. ஒரு மடங்கு இரண்டு மடங்கு வித்தியாசம் இல்லை, இரண்டு எண்களையும் ஒரே படத்தில் வரைய முடியாத அளவு வித்தியாசம். பலருக்கு வருத்தமே தெரியாமல் கிருமி வந்து போயிருக்கிறது, சிலருக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. பிறகு எட்டு ஐரோப்பிய நாடுகளில் இதே மாதிரி அளந்து பார்த்தார்கள். ஒரு நாட்டில் அன்டிபொடி சொன்ன எண்ணுக்கும் அந்த நாட்டுப் பதிவேடு சொன்ன எண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று கண்டார்கள். பதிவேடு நோயை மட்டும் எண்ணுவதில்லை. ஆட்கள் வைத்தியரிடம் போகும் பழக்கத்தையும் சேர்த்து எண்ணுகிறது.

இன்னொன்று. அந்தக் காலத்தில் டென்மார்க்கில் மனிதருக்கு முன்னமே அன்டிபொடி பார்க்கப்பட்டவை பன்றிகள். 1995 முதல், இறைச்சித் துண்டை உறையவைத்து உருகவிட்டு, வடியும் சாற்றில் எலைசா ஓட்டி, எந்தப் பண்ணையில் சல்மொனெல்லா இருக்கிறது என்று பார்த்தார்கள். முட்டையிடும் கோழிகளுக்கு அதைவிட லேசான வழி: தாய்க் கோழியின் அன்டிபொடி முட்டையின் மஞ்சள் கருவுக்குள் போய்விடும், ஆகவே முட்டையை உடைத்தாலே போதும். 1997இல் டென்மார்க்கில் ஒரு கோழிக்கு இருந்த வசதி எங்கள் அம்மாவுக்கு இருக்கவில்லை என்று நான் நண்பர்களிடம் பகிடியாகச் சொல்வேன்.

போன கோடையில் அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் வேலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, ஏன் என்று தெரியாது, அந்த விருந்துக் கதையை எடுத்தேன். 27 வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"இப்ப என்ர ரத்தத்தை எடுத்துப் பாத்தாத் தெரியுமோ?"

"என்ன தெரிய வேணும் அம்மா?"

"அண்டைக்கு எனக்கும் வந்தது. உனக்குத் தெரியாது, நீ சின்னப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை விடிய உன்னைக் கழுவிப் படுக்கவிட்டிட்டு நான் போய்க் கீழ் ரொயிலற்றில இருந்தனான். மூண்டு நாள். கொப்பரிட்டையும் சொல்லேல்லை."

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தத் தொலைபேசி வந்திருந்தது. சமைத்தவளுக்கும் வயிற்றோட்டம் என்று சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

என் பதிலை நான் இரண்டு தரம் யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. 27 வருடம் மிக நீளம். அன்டிபொடி ஒவ்வொன்றும் சில வாரம்தான் உயிரோடு இருக்கும், ஐஜிஜி என்றால் மூன்று வாரத்தில் பாதியாகும். எலும்பு மச்சைக்குள் இருக்கும் சில கலங்கள் புதிது புதிதாகச் செய்துகொண்டிருப்பதால்தான் அளவு நிற்கிறது. வயிற்றுச் சல்மொனெல்லாவுக்கு அது இத்தனை வருடம் நிற்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நின்றாலும், இடையில் வேறு எத்தனை தரம் வேறு முட்டையோ கோழியோ அதே கிருமியைக் கொண்டுவந்திருக்குமோ.

அதைவிட, அம்மாவின் ரத்தத்தில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்தில் அவருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. தைபோயிட்தான். தைபோயிட்டும் ஒரு சல்மொனெல்லா, சல்மொனெல்லா தைபி. சல்மொனெல்லா வகைகளை அவற்றின் சர்க்கரை மயிரை வைத்து எண் போட்டுப் பிரிப்பார்கள். தைபிக்கு ஓ9, ஓ12. எங்கள் விருந்துக்கு வந்த என்டெரிட்டிடிஸுக்கும் ஓ9, ஓ12 உண்டு. தட்டின் அடியில் பூசியிருக்கும் மயிருக்கு, வந்து ஒட்டுகிற அன்டிபொடி யாழ்ப்பாணத்தில் பிறந்ததா யூலண்டில் பிறந்ததா என்று தெரியாது.

(ஊருக்கு விடுமுறையில் போகிற உங்களுக்கும் இது உதவும். அங்கே காய்ச்சல் வந்தால் வைடால் பரிசோதனை செய்து ஒரு துண்டு தருவார்கள், "டிஓ 1:160, டிஎச் 1:80" என்று. 1896இல் பாரிஸில் ஃபெர்னான் வைடால் தொடக்கியது, இன்றும் ஓடுகிறது. ஓ என்பது அந்தச் சர்க்கரை மயிர், எச் என்பது கிருமியின் நீந்தும் வால். ஜெர்மனியில் வளர்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்: எச் என்றால் "ஹௌஹ்", மூச்சு. ஓ என்றால் "ஓனெ ஹௌஹ்", மூச்சில்லாதது. வாலுள்ள ஒரு கிருமி ஆய்வுத் தட்டில் பரவியது கண்ணாடியில் ஊதிய மூச்சுப்போல் தெரிந்ததால் வந்த பெயர். 1:160 என்றால் சீரத்தை 160 மடங்கு ஐதாக்கியும் கிருமியைத் திரளவைத்தது என்று பொருள். ஆனால் பழைய தொற்று, தடுப்பூசி, வேறு சல்மொனெல்லா எதுவும் அந்த எண்ணை ஏற்றலாம். எனக்கு மாதம் ஒரு தரமாவது ஒரு மச்சாளோ மச்சானோ அந்தத் துண்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள். மருந்து தொடங்க முதல் ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்த்தார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள் என்றுதான் நான் எழுதுவேன்.)

இதையெல்லாம் அம்மாவுக்குச் சுருக்கிச் சொன்னேன். அன்று, ஒரு மாதத்துக்குள், ரத்தம் எடுத்திருந்தால் அம்மாவுக்கும் வந்தது என்று ஓரளவு தெரிந்திருக்கும், ஆனால் எதிலிருந்து வந்தது என்று அப்போதும் தெரியாது. அன்டிபொடி கிருமியின் முகத்தைத்தான் பார்த்து வைக்கும், அது வந்த கோப்பையைப் பார்ப்பதில்லை.

"அப்ப ரோல்ஸோ இல்லையோ எண்டு தெரியாது."

"தெரியாது அம்மா."

"ஆனா நான் ரோல்ஸ் சாப்பிடேல்லையே."

நான் கோப்பையை வைத்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமையெல்லோ. நான் மச்சம் தொடேல்லை. உப்புப் பாக்கவும் கொப்பரைத்தான் கூப்பிட்டனான். விருந்திலயும் ஒண்டும் சாப்பிடேல்லை, எல்லாத்திலயும் இறைச்சி. அந்தப் பொம்பிளை இனிப்பு மோர் கொண்டுவந்தவ, அது மட்டும்தான். ரெண்டு கோப்பை குடிச்சனான், நல்லா இருந்தது."

இனிப்பு மோர். டென்மார்க்கில் இருக்கிறவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்கு: கோல்ஸ்கோல். வெயில் காலத்தில் டெனிஷ் வீடுகளில் செய்வார்கள். மோர், சீனி, வனிலா, எலுமிச்சை, மேலே சின்ன பிஸ்கற். வீட்டில் செய்தால் அதற்குள் இன்னொன்றும் அடித்து ஊற்றுவார்கள். அது பச்சை முட்டையின் மஞ்சள் கரு. முட்டையால் சல்மொனெல்லா நாடு முழுக்கப் பரவியிருந்த வருடம், ஜூன் மாதம், வெயிலில் இரண்டு மணித்தியாலம் மேசையில் நின்ற பாத்திரம்.

இது நிரூபணமா? என் வேலைப் பழக்கம் உடனே இல்லை என்கிறது. அம்மா முதல்நாள் பச்சைக் கோழியைக் கையால் வெட்டியவர். ரோல்ஸைத் தோய்க்க முட்டை அடித்தவர். அந்தக் கையிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் ரோல்ஸ் கொதிக்கிற எண்ணெய்க்குள் போய் வந்தவை. கோல்ஸ்கோல் எந்த அடுப்பையும் பார்க்கவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே விடியலில் வந்தது, ஆகவே அம்மாவுக்கு என்னிடமிருந்து தொற்றியிருக்காது. நானும் அன்று கோல்ஸ்கோல் குடித்தேன், பிஸ்கற்றுக்காக மூன்று தரம் போய் நின்றேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்தத் தொலைபேசியில் யாராவது "உங்கள் மனைவிக்கும் வந்ததா, அவர் என்ன சாப்பிட்டார்" என்று கேட்டிருந்தால், எந்தத் தட்டும் குழியும் இல்லாமலே பாதி விளங்கியிருக்கும். ஒரு இடத்தில் பலருக்கு வயிற்றோட்டம் வந்தால் இன்றைக்கும் முதலில் செய்வது அதுதான்: யார் எதைச் சாப்பிட்டார்கள், யார் எதைச் சாப்பிடவில்லை. சந்தேகப்பட்ட சாப்பாட்டைத் தொடாமலே வருத்தம் வந்த ஆள் அந்தப் பட்டியலில் மிகவும் பெறுமதியான ஆள். எங்கள் பட்டியலில் அந்த ஆள் கீழ் ரொயிலற்றில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்.

நான் இதை அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினேன். கோல்ஸ்கோலில் என்ன போடுவார்கள் என்று சொன்ன இடத்திலேயே அவர் என்னை நிறுத்திவிட்டார்.

"முட்டையோ?"

"ஓம் அம்மா. பச்சை முட்டை."

"வெள்ளிக்கிழமையில எனக்கு முட்டையோ தந்தவள்?"

அப்பா பக்கத்து அறையிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டார். ரோல்ஸைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. முட்டையைப் பற்றி இரவு படுக்கும்வரைக்கும் பேசினார். ஒரு கோப்பை என்றாலும் பரவாயில்லை, இரண்டு கோப்பை குடித்துவிட்டேனே என்றார்.